சாகோஸ் வம்சாவளியினருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை: யாருக்கு, எதுவரை?

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அதற்கடுத்த தலைமுறையினர் எல்லோரும் பிரிட்டிஷ் குடியுரிமை பெறலாம். 2022-இல் வந்த சட்டம் இதற்கு வழிவிட்டது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பிரிட்டனில் வசித்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கணவன், மனைவிக்கு இது பொருந்தாது. அவர்கள் வழக்கமான விசாவுக்குத்தான் அலைய வேண்டும்.

சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியா என்றதும் நமக்கு 2021-இல் அங்கே சிக்கிக்கொண்ட ஈழத்தமிழ் அகதிகள் நினைவுக்கு வருவார்கள். இது அவர்களுக்கான திட்டம் அல்ல.

கெடுவைக் கவனியுங்கள். 2022 நவம்பர் 23 அன்று 18 வயது நிரம்பியிருந்தவர்கள் 2027 நவம்பர் 22-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அன்று 18 ஆகாதவர்களுக்கும், 2027 நவம்பர் 23-க்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கும் 23 வயதாகும்வரை அவகாசம் உண்டு.

காட்ட வேண்டியது வம்சத் தொடர்பு. பாட்டி சாகோஸின் பெரோஸ் பான்யோஸ் தீவுக்கூட்டத்தில் பிறந்தவர் என்றால் அவருடைய பிறப்புப் பதிவு, அம்மாவின் பதிவு, உங்கள் பதிவு என மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறிய குடும்பங்களிடம் இதைக் கேட்கிறார்கள்.

கப்பலேற்றியதும் பிரிட்டன்தான். 1965-இல் மொரீஷியஸிடமிருந்து தீவுகளைப் பிரித்தெடுத்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, 1968 முதல் 1973 வரை மக்களை மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் அப்புறப்படுத்தியது. அவர்களுடைய நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்துப் புகைபோட்டுக் கொன்றார்கள். அந்தப் பிரிப்பே சட்டப்படி செல்லாது என்று சர்வதேச நீதிமன்றம் 2019-இல் கருத்துரைத்தது, ஐ.நா. பொதுச்சபையும் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 116-க்கு 6 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது.

இந்தக் குடியுரிமை லண்டனுக்குப் போக உதவும், சொந்தத் தீவுக்குப் போக உதவாது. திரும்பும் உரிமையை 2000-இல் சாகோஸ் மக்களின் தலைவர் ஒலிவியே பான்கூ வழக்காடி வென்றார். 2004-இல் அரசி பெயரில் ஆணை பிறப்பித்து, அங்கே குடியிருக்கும் உரிமை யாருக்குமே இல்லை என்றாக்கினார்கள். அந்த ஆணை செல்லும் என்று 2008-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் 3-க்கு 2 எனத் தீர்ப்பானது.

2025 மே 22-இல் கையெழுத்தான பிரிட்டன்–மொரீஷியஸ் ஒப்பந்தம், தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தர வகைசெய்து, தளத்தை 99 ஆண்டுகளுக்கு பிரிட்டனிடமே விடுகிறது. அதன்படி, மற்ற தீவுகளில் மக்களை மொரீஷியஸ் மீள்குடியேற்றலாம். டியேகோ கார்சியாவில் கூடாது. வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு அதுதான் ஊர்.