ஆப்பிள் தோட்டத்தில் கார்பரில்: தெளிக்கும் முன் பார்க்க வேண்டியவை

நம் ஊர் விவசாயிகள் 'செவின்' என்று அறிந்திருந்த கார்பரில் மருந்து இந்தியாவில் 2018-இல் தடை செய்யப்பட்டது. 1984-இல் நச்சுவாயு கசிந்த போபால் ஆலை தயாரித்ததும் இதைத்தான். நான் ஆலோசனை வழங்கும் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டங்களிலோ, பூச்சியைக் கொல்ல மட்டுமன்றி, மிகுதியாகப் பிடித்த பிஞ்சுகளை உதிர்க்கவும் இது பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது.

ஒரு கொத்தில் ஐந்தாறு பூக்கள் இருக்கும். எல்லாம் காயானால் பழம் சிறுத்துப்போகும். அத்துடன் விதைகளில் ஊறும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டைத் தடுப்பதால், மரம் ஓராண்டு விட்டு ஓராண்டே காய்க்கும். பிஞ்சு சுமார் 10 மி.மீ. விட்டத்தில் இருக்கும்போது தெளித்தால், வலுவற்ற ஓரப் பிஞ்சுகள் வளர்ச்சி நின்று, காம்பு மஞ்சளித்து, விரல் பட்டாலே கழன்றுவிடும். மேகமூட்டமும் வெப்பமான இரவுகளும் தொடர்ந்தால் மரத்தின் மாவுச்சத்து இருப்பு குறைந்து, நினைத்ததைவிடக் கூடுதலாகக் கொட்டும். ஆகவே மருந்தின் அளவைக் கூட்டுவதைவிட வானிலை முன்னறிவிப்பைப் பார்ப்பதே பயன் தரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பூத்த ஒரு மாதத்துக்குள் புழுவுக்கென்று இதைத் தெளிப்பவர், வேண்டிய காய்களையும் இழக்கக்கூடும். காய் உதிர்க்கத் தெளிப்பவரோ, தான் அடிப்பது பூச்சிக்கொல்லி என்பதையே மறந்துவிடுகிறார். ஆப்பிள் பூ கொட்டிவிட்டதே என்று நிம்மதியடைபவர்களை வரிசைகளுக்கிடையே உள்ள புல்லைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். அங்கே மஞ்சள் டேன்டிலயனும் குளோவரும் பூத்திருக்கும், தேனீயும் இருக்கும். நீரில் கலந்து தெளிக்கும் தூள் வடிவ மருந்தின் துகள்களை மகரந்தத்தோடு சேர்த்துத் தேனீ கூட்டுக்குக் கொண்டுபோவதால், உள்ளிருக்கும் தேனீயின் இளம்புழுக்களும் சாகின்றன. புல்லை முன்கூட்டியே வெட்டுவதும், தேன்பெட்டி உரிமையாளருக்குத் தகவல் சொல்வதும் செலவில்லாத வேலைகள். செஞ்சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திகளும் அழிவதால், கோடையில் செஞ்சிலந்திக்கென்று தனியாக மருந்தடிக்க நேர்வதுண்டு. அந்தச் செலவைக் காய் உதிர்ப்புக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

தெளிப்பவரின் நரம்பு மண்டலத்தையும் இது தாக்கும். கண்பாவை சுருங்குதல், வியர்வை, எச்சில் வடிதல், வாந்தி தோன்றினால் உடை களைந்து, சோப்பு நீரால் கழுவி, மருந்தின் லேபிளுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அது கார்பமேட் என்ற பூச்சிக்கொல்லி வகை என்பதை மருத்துவரிடம் சொல்வது அவசியம். அட்ரோபின் என்ற முறிமருந்து, ஆர்கனோபாஸ்பேட் என்ற மற்றொரு பூச்சிக்கொல்லி வகையின் நஞ்சுக்கும் இதற்கும் பொது; ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்குத் தரும் பிராலிடாக்சிம் என்ற முறிமருந்து அப்படியல்ல.