வெட்டிய அலையில் பிறக்கும் சுரம்: மெட்டாலிகா ரசிகர் சண்டைக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல்

வாசகர் ஒருவரின் கேள்வி: "மெட்டாலிகாவோட பெஸ்ட் ஆல்பம் எது சார்? நான் பிளாக் ஆல்பம்ங்கிறேன். ரூம்மேட் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்னு உயிரை விடுறான். அறிவியல் இதுல ஏதாவது சொல்லுமா? அப்புறம், டெத் மேக்னடிக்ல பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பாட்டுக்கு மேல கேட்டா தலை வலிக்குது. ஏன்?"

முதல் கேள்வி முடிவே இல்லாதது. இரண்டாவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. முதலாவதுக்கான பாதி பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

மெட்டாலிகா என்ற இந்த ராக் குழுவைத் தெரியாதவர்களுக்காக வேகமாக ஒரு வரலாறு. 1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சும், பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் தொடங்கியது. 1983-இல் 'கில் எம் ஆல்', மறு வருடம் 'ரைட் தி லைட்னிங்', 1986-இல் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988-இல் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. 1991-இல் கறுப்பு அட்டையோடு, குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து வந்ததைத்தான் எல்லோரும் பிளாக் ஆல்பம் என்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. 2003-இல் 'செயின்ட் ஆங்கர்', 2008-இல் 'டெத் மேக்னடிக்'.

ரசிகர்கள் மோதிக்கொள்வதை உன்னிப்பாகக் கேட்டிருக்கிறீர்களா? பாதி நேரம் அவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. "ஜஸ்டிஸ்ல பேஸ் எங்கய்யா?", "செயின்ட் ஆங்கர்ல அந்த ஸ்நேர் டிரம்மை யாரு அப்படி ட்யூன் பண்ணினது?", "பிளாக் ஆல்பம் சவுண்டுக்கு ஈடு வருமா?" எல்லாமே ஒலிப்பதிவு பற்றிய வழக்குகள். ஆகவே இயற்பியலுக்கு உள்ளே நுழைய உரிமை உண்டு.

நம் காதின் ஒரு பலவீனத்திலிருந்து தொடங்கலாம். மெதுவாக ஒலிக்கும் போது காது கீழ் சுருதிகளைச் சரியாகப் பிடிக்காது. சத்தத்தை ஏற்ற ஏற்ற அவை தாமாக மேலே வரும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். அதனால் ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாம் முறை ஒரு துளி சத்தத்தைக் கூட்டிவிட்டால், பெரும்பாலோர் "ரெண்டாவதுதான் சார் நல்லா இருக்கு, கனமா இருக்கு" என்பார்கள். சத்தம் கூடியதே அவர்களுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் விற்பவர்களின் பழைய தந்திரம் இது.

(அது ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடம். காது எப்படிக் கேட்கிறது என்று ஆராயச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் திருச்சிராப்பள்ளிக்காரர் சி.வி. ராமன், மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் ஏன் அதற்குச் சுருதியைத் தருகிறது என்று கல்கத்தாவில் உட்கார்ந்து ஆராய்ந்தார். 1920-இல் அதுபற்றிக் கட்டுரையும் வந்தது. இன்றைக்கு ஓர் இளம் ஆய்வாளர் அதே தலைப்போடு நிதி கேட்டுப் போனால் "இதனால் தொழிலுக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே அனுப்பிவிடுவார்கள் என்பது என் வயிற்றெரிச்சல்.)

சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்றால், இசைக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சிடி வந்த பிறகு போட்டி முற்றியது. ஆனால் சிடிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதிவைக்கிறது. அந்த எண் 32,767-க்கு மேல் போகவே முடியாது. டிரம் அடி விழும் கணத்தில் அலை அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். மற்ற நேரமெல்லாம் வெகு கீழேதான் இருக்கும். பிறகு எப்படிச் சத்தத்தைக் கூட்டுவது?

தாழ்ந்த கூரையுள்ள மினிபஸ் ஒன்றில் தரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டையானவர்களுக்குச் சிரமமில்லை. நெட்டையானவர்கள் முதலில் குனிவார்கள். இன்னும் உயர்த்தினால் தலை இடிக்கும். ஸ்டுடியோவில் 'லிமிட்டர்' செய்வது அந்தக் குனிய வைக்கும் வேலையை. அதற்கும் அடங்காமல் ஏற்றினால் அலையின் தலை அப்படியே சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். இதற்குப் பெயர் கிளிப்பிங். டெத் மேக்னடிக்கின் ஒரு பாட்டை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய அலை, மேலும் கீழும் கோடு போட்டு வெட்டியது போல ஒரே பட்டையாக ஓடும்.

"அப்போ கிளிப்பிங்தான் வில்லன்" என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், ராக் இசையின் குரலே கிளிப்பிங்தான். எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரால் தாங்க முடியாத அளவுக்கு முடுக்கி, அது அலையின் தலையைச் சீவும்போது வரும் உறுமலைத்தான் 'டிஸ்டார்ஷன்' என்று ஆசையாகக் கேட்கிறோம். அங்கே இனிக்கும் அதே வெட்டு இங்கே ஏன் தலைவலி ஆகிறது? நான் இதில்தான் கிறங்கிப்போகிறேன். கொஞ்சம் கூடவே வாருங்கள்.

பிளஸ் டூ கணக்கில் 2 சைன் ஏ சைன் பி என்று ஒரு வாய்பாடு வரும். இரண்டு அலைகளைப் பெருக்கினால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக இரண்டு புதிய அலைகள் கிடைக்கும் என்பது அதன் பொருள். எதற்கு இதெல்லாம் என்று திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தோமே, அதற்கு இதோ பயன். இரண்டு சுரங்கள் சும்மா சேர்ந்து ஒலித்தால் அவை வெறுமனே கூடும்; புதிதாக எதுவும் பிறக்காது. வெட்டுப்படும்போதோ, ஓர் அலை மேலே தூக்கியிருக்கும் நேரத்தில் மற்றதன் தலை போகிறது. ஒன்றின் அளவை இன்னொன்று தீர்மானிக்கிறது. கணக்கில் அது பெருக்கல். ஆகவே கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுரங்கள் பிறந்தே தீரும்.

இப்போது ஹெட்ஃபீல்டின் கைக்கு வருவோம். வலது உள்ளங்கையின் விளிம்பைக் கம்பிகளின் அடிமுனையில் லேசாக அழுத்திக்கொண்டு அவர் அதிகம் அடிப்பது முழு கார்டு (பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது) அல்ல, ஸ-வும் ப-வும் மட்டும் உள்ள 'பவர் கார்டு'. கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82.4 முறை அதிரும். அதன் பஞ்சமம் 123.5. கழித்தால் 41.1. அது பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிக்கு உரிய சுரம்! யாரும் மீட்டாமலே ஒரு கீழ் ஸ வந்து உட்காருகிறது. கூட்டினால் 205.9. அது கீழ் ஸ-வின் ஐந்து மடங்கு, அதாவது அந்தர காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழும்புவதைச் சுயம்பு காந்தாரம் என்று நம் வித்வான்கள் சிலாகிப்பார்கள். ஹெட்ஃபீல்டின் ஆம்ப்ளிஃபையருக்குள்ளும் காந்தாரம் இல்லாத இரண்டு சுரங்களிலிருந்து அது முளைக்கிறது, வேறு வழியில். ஆடாசிட்டியில் 82.4, 123.5 என்று இரண்டு அலைகளை உருவாக்கி, கலந்து, தலையை வெட்டி, அதிர்வெண் வரைபடம் போட்டுப் பாருங்கள். 41, 82, 123, 165, 206 என்று வரிசையாகக் கூம்புகள் முளைத்து நிற்கும். எல்லாம் ஒரே குடும்பம்.

அந்தக் காந்தாரத்தைக் கையாலேயே சேர்த்து ஸ-க-ப என்று முழு கார்டு பிடித்தால்? கிட்டாரின் காந்தாரம் 103.8. அதன் இரு மடங்கில் ஸ-வைக் கழித்தால் 125.2. பக்கத்திலேயே 123.5-இல் பஞ்சமம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டு கரகரக்கும். இப்படி இன்னும் பல முட்டல்கள். டிஸ்டார்ஷன் ஏறிய கிட்டாரில் ராக் குழுக்கள் பவர் கார்டையே பிடித்துத் தொங்குவது சோம்பலால் அல்ல. வெட்டினால் உருப்படியாகப் பெருகும் கூட்டணி அது.

இனி டெத் மேக்னடிக் தானே விளங்கிவிடும். கிட்டார் தன் ஆம்ப்ளிஃபையருக்குள் வெட்டுப்படும்போது இரண்டு உறவுக்காரச் சுரங்கள் மட்டும் பெருக்கப்பட்டன. மொத்தக் கலவையையும் கடைசியில் வெட்டினால் டிரம், குரல், சிம்பல், இரண்டு கிட்டார் என எல்லாமே எல்லாவற்றோடும் பெருக்கப்படுகின்றன. கிக் டிரம்முக்கும் சிம்பலுக்கும் என்ன சுருதி உறவு? பிறப்பதெல்லாம் ஊர் பேர் தெரியாத அதிர்வெண்கள், அதாவது இரைச்சல். போதாக்குறைக்கு, ஸ்நேர் டிரம்மின் உயிரே அடி விழும் முதல் சில மில்லி நொடிகளில்தான் இருக்கிறது. சீவப்படுவதும் அதே இடம். காதுக்கு ஓய்வெடுக்க மெதுவான இடமே கிடைக்காததால் நாலு பாட்டுக்கு மேல் களைப்பு வருகிறது.

இதற்குச் சாட்சி வந்த வழி வேடிக்கையானது. அதே ஆல்பம் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வெளியானது. ஆடுபவர் தப்பு செய்தால் கிட்டார் மட்டும் நின்றுபோக வேண்டும் என்பதால், அந்த விளையாட்டுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் தேவை. ஆகவே கடைசி நசுக்கலுக்கு முந்தைய ஒலி அங்கே போய்விட்டது. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். விளையாட்டில் டிரம் உயிரோடு இருந்தது! ஆயிரக்கணக்கானவர்கள் ஆல்பத்தை மறுபடி கலந்து தரச் சொல்லி மனுவில் கையெழுத்திட்டார்கள். கலந்து முடித்த ஒலிக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங் வேலையைச் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதியது வெளியாகி, பிரச்சினை இன்னும் பெரிதானது. கம்பெனி லேபில் மாட்டாமல் விளையாட்டுப் பிள்ளைகளிடம் மாட்டியதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் சராசரியாக ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அதிகம் நசுக்கிய ஆல்பத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஆக, எதற்காக நசுக்கினார்களோ அந்த ஆதாயம் போயிற்று, நசுங்கல் மட்டும் மிச்சம். இதற்குத் தங்க முலாம் பூசிய ஆயிரக்கணக்கான ரூபாய் கேபிள் வாங்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாஸ்து மீன் வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சீவிய தலை சீவியதுதான்.

ஜஸ்டிஸின் காணாமல்போன பேஸுக்கும் அந்த 41-இல் ஒரு துப்பு இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு கீழ் சுருதியைச் சரியாக வெளியிடாது என்பது உண்மை. ஆனால் 82, 123, 165 என்று மடங்குகள் கேட்டாலே, இல்லாத 41-ஐ மூளை தானே இட்டு நிரப்பிவிடும். நியூஸ்டெட்டோ பெரும்பாலும் கிட்டார் வரியையே பின்தொடர்ந்து வாசித்தார். பேஸின் மடங்குகள் விழுவதும் அதே 82, 123, 165. ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் சத்தமானவர் மற்றவரை மறைத்துவிடுவார். இதன் மேல் பேஸின் சத்தத்தையும் குறைத்தால் ஆளே இருக்க மாட்டார். குறைக்கச் சொன்னது உல்ரிச்தான் என்று கலவை செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ஸன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இனி ரூம்மேட் வழக்கு. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் தலைப்புப் பாடலில் நிமிடத்துக்கு 200-க்கு மேல் தட்டு. அரைத் தட்டுக்குக் கிடைப்பது சுமார் 140 மில்லி நொடி. 41 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 24 மில்லி நொடி வேண்டும் என்பதால், ஆறு சுற்று முடிவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். கீழ் சுருதி நின்று நிலைக்க நேரமில்லை. காதில் தங்குவது கிட்டாரின் கூர்மையும் வேகமும். பிளாக் ஆல்பத்தின் 'சேட் பட் ட்ரூ' நிமிடத்துக்கு 90 அளவில் நடக்கிறது, கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் தளர்த்தியிருக்கிறார்கள். அங்கே அரைத் தட்டுக்குள் ஒரு டஜன் சுற்றுகள் முழுதாக முடிகின்றன. அந்தக் கனம் தயாரிப்பாளர் பாப் ராக்கின் கைவண்ணம் மட்டுமல்ல, அலைக்குக் கிடைத்த அவகாசமும்தான்.

ஆக நீங்கள் கனத்துக்கு ஓட்டுப் போடுகிறீர்கள், உங்கள் ரூம்மேட் கூர்மைக்கு. அடுத்த முறை சண்டை போடும் முன் இரண்டு ஆல்பத்தையும் ஒரே சத்தத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வால்யூம் குமிழ் மூன்றாவது ஆளிடம் இருக்கட்டும். எனக்கு இரண்டும் இல்லை, 'ரைட் தி லைட்னிங்'தான். அதற்கு அறிவியல் காரணம் எதுவும் கேட்காதீர்கள்.