ஆக்டிகிராபி – அசைவுப் பதிவு

கைக்கடிகாரம் அளவுள்ள ஒரு கருவியைக் குழந்தையின் கணுக்காலில் பட்டையால் கட்டி, சில நாள்கள் விட்டுவைத்து, பதிவான எண்களிலிருந்து உறக்கத்தையும் விழிப்பையும் கணிக்கும் முறைக்கு ஆக்டிகிராபி என்று பெயர். செயலைக் குறிக்கும் லத்தீன் வேரும் எழுதுதலைக் குறிக்கும் கிரேக்க வேரும் ஒட்டிய கலப்புச் சொல். இதைத் தமிழில் ‘தூக்கமானி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது, ஏனென்றால் அந்தக் கருவிக்குத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது.

உள்ளே இருப்பது முடுக்கமானி. கால் எவ்வளவு அசைந்தது என்பதை நிமிடத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் அது குறித்துவைக்கிறது. முன்பின் நிமிடங்களையும் சேர்த்துப் பார்த்து உறக்கமா விழிப்பா என்று சொல்வது பிறகு வரும் கணக்கீடு. பெரியவர்களுக்கான கணக்கீடு கைக்குழந்தைக்குப் பொருந்தாது. ஆகவே அவி சாதேவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வயதுக்குட்பட்டோருக்கெனத் தனியாக ஒன்றை 1995இல் வெளியிட்டார்கள்.

பொருந்தாததற்குக் காரணம் குழந்தை உறங்கும் விதம். பச்சைக் குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, ‘துடிப்புறக்கம்’ எனத்தக்க நிலை: உதடு சப்பும், முகம் சுளிக்கும், காலை வெடுக்கென்று உதைக்கும், கண் மட்டும் திறக்காது. கருவி இதை விழிப்பு என்று எண்ணிவிடலாம். மாறாக, விழித்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் குழந்தை உறங்குவதாகப் பதிவாகும்.

தூளியில் போட்டு ஆட்டினால் கேட்கவே வேண்டாம். குழந்தை அயர்ந்து உறங்க, சேலையின் ஆட்டமெல்லாம் குழந்தையின் கணக்கில் ஏறும். எனவேதான் எப்போது ஆட்டினோம், எப்போது கருவியைக் கழற்றிக் குளிப்பாட்டினோம் என்று தாய் ஒரு குறிப்பேடும் எழுதிவரவேண்டும். ‘தூங்கு’ என்பதன் பழம்பொருளே தொங்குதல், ஆடுதல்; தூங்கணாங்குருவியின் கூடு அதற்குச் சாட்சி. ஆட்டத்தையும் உறக்கத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் இந்தக் கருவிக்குத் ‘தூக்கம்’ சேர்ந்த பெயரை வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

‘செயல் வரைவு’ என்பது வேருக்கு நேரானது, பொருளுக்கு நேரானதன்று. குழந்தை காலை உதறுவது செயலா? ‘இயக்கப் பதிவு’ என்றால் எந்திரமோ கட்சியோ நினைவுக்கு வருகிறது. ‘அசைவு’ தன்னறியாமல் நிகழ்வதையும் தாங்கும். ‘கிராபி’ என்ற ஈற்றுக்கு, இதய மின்வரைவு போல, ‘வரைவு’ என்பதே வழக்கம். ஆனால் இங்கே கோடு வரைவதில்லை, எண்களே சேர்கின்றன. முறைக்கு ‘அசைவுப் பதிவு’, கருவிக்கு ‘அசைவுப் பதிவி’ போதும்.

ஆய்வறிக்கையைத் தமிழாக்குவோர், ‘குழந்தை ஏழு மணி நேரம் உறங்கியது’ என்று எழுதாமல் ‘அசைவுப் பதிவின்படி உறக்கம் ஏழு மணி நேரம்’ என்று எழுதலாம்.