'ஏன் வரவில்லை?' என்று ஃபார்சியில் கேட்டால்

ஃபார்சி (பாரசீக மொழி) வகுப்பில் நான் அதிகம் திருத்துவது உச்சரிப்பை அல்ல, காரணம் சொல்லும் வாக்கியங்களைத்தான். உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் தெஹ்ரான்காரர் புரிந்துகொள்வார். காரணம் பிசகினால் சொன்ன விஷயமே வேறாகிவிடும்.

வகுப்புக்கு வராத ஒரு மாணவர் எனக்கு இப்படி எழுதியிருந்தார்: 'நயாமதம், பராயெ ஈன்கெ மரீஸ் பாஷம்.' உடம்பு சரியில்லாததால் வரவில்லை என்று சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் எழுதியதன் பொருள், 'நோயாளியாக வேண்டும் என்பதற்காக வரவில்லை.' கடைசிச் சொல் மட்டும்தான் தப்பு. 'பாஷம்' இருந்த இடத்தில் 'பூதம்', அதாவது 'இருந்தேன்', வந்திருக்க வேண்டும்.

அவர் மேல் குற்றமில்லை. சொற்பட்டியலில் 'பராயெ ஈன்கெ = ஏனென்றால்' என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. எந்த வேலை என்பதைப் பின்னால் வரும் வினைதான் சொல்லும். 'தர்ஸ் மீஃகானம்' என்று வந்தால் 'நான் படிப்பதால்'. 'தர்ஸ் பெஃகானம்' என்று வந்தால் 'நான் படிப்பதற்காக'. 'மீ', 'பெ' என்ற ஓரெழுத்து முன்னொட்டில் காரணம் நோக்கமாகிவிடுகிறது. தமிழில் இந்த வேலையை 'ஆல்', 'ஆக' என்ற விகுதிகள் செய்கின்றன. அதனால் குறிப்பேட்டில் காரணச் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அதன் வினையோடு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

குழப்பமே வேண்டாமென்றால் முதலில் 'சோன்' போதும். அது காரணத்துக்குத்தான், நோக்கத்துக்கு வராது. 'நயாமதம் சோன் பாரான் மீஆமத்', மழை வந்துகொண்டிருந்ததால் வரவில்லை. (ஃபார்சியிலும் மழை 'வரும்', நம்மைப் போலவே.) தமிழ்ப் பழக்கப்படி காரணத்தை முன்னால் வைத்து, 'சோன் பாரான் மீஆமத், நயாமதம்' என்றாலும் சரிதான். 'ஏனென்றால்' என்பதற்கு இன்னொரு சொல்லான 'ஸீரா' அப்படியில்லை, அது முதன்மை வாக்கியத்துக்குப் பின்னால்தான் வரும், எழுத்து நடைக்கு உரியது. கடையில் நின்று 'ஸீரா' என்றால் புத்தகம் வாசிப்பது போல இருக்கும்.

பெயர்ச்சொல்லைக் காரணமாகச் சொல்ல 'பெ ஃகாதெரெ'. கடைசியில் ஒலிக்கும் அந்த 'எ'தான் அடுத்த சொல்லோடு கட்டும் கயிறு, அதை விழுங்கக் கூடாது. 'பெ ஃகாதெரெ பாரான்' என்றால் மழையால். 'பெ ஃகாதெரெ தொ' என்றால் 'உன்னால்' என்றும் கொள்ளலாம், 'உனக்காக' என்றும் கொள்ளலாம். பழியா பாசமா என்பது சூழலைப் பொறுத்தது. அதனால் கேட்டதும் கோபப்பட்டுவிடாதீர்கள், முழு வாக்கியத்தையும் கேளுங்கள். அலுவலகக் கடிதத்தில் இதற்குப் பதிலாக 'பெ தலீலெ', 'பெ எல்லத்தெ' இரண்டும் வரும். 'அதனால்தான்' என்பதற்கு 'பராயெ ஹமீன்'; பேச்சில் 'வாஸெ ஹமீன்'.

அப்புறம், 'செரா'. 'ஏன்' என்று முதல் வாரத்திலேயே படித்துவிடுவீர்கள். 'நயாமதீ?' (நீ வரவில்லையா?) என்று கேட்டதற்கு ஒருவர் 'செரா, ஆமதம்' என்றால் அவர் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. எதிர்மறைக் கேள்வியை மறுத்து 'வந்தேன்' என்கிறார். என் மாணவர்கள் இங்கே தடுமாறும்போது நம் வீட்டுப் பேச்சையே நினைவுபடுத்துவேன்.

'நீ வரலையா?'

'ஏன் வராம? வந்தேனே!'