வெர்னியர் காலிப்பர்: தமிழில் இடுக்கிமானி

மலேசியாவின் கூலிமைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலைகளில் மெஷின் ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் தினமும் புழங்கும் கருவி வெர்னியர் காலிப்பர்; பொருளைத் தாடைகளுக்கு இடையே பிடித்து நுட்பமாக அளக்கும் கருவி. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் இதை ‘அங்குப் வெர்னியர்’ என்று மலாயில் படிக்கிறோம். அதனால் தமிழ்ப் பெயர் காதில் விழாமலே போய்விடுகிறது.

வெர்னியர் என்பது ஆளின் பெயர். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் வெர்னியர், நகரும் துணை அளவுகோலை 1631இல் விளக்கி எழுதினார். அவருக்கு முன்பே போர்த்துகலின் பெத்ரோ நூனிஸ் நுட்பமாக அளக்க வேறொரு வழி கண்டிருந்தார். அவர் நினைவாக ஜெர்மானியர் இதை ‘நோனியஸ்’ என்கிறார்கள். காலிப்பர் என்ற சொல், வார்ப்பு அச்சு என்று பொருள்படும் ‘காலிப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இது வெர்னியர் அளவி. இலங்கையில் வேணியர் இடுக்கிமானி. எனக்கு இடுக்கிமானிதான் சரியாகப் படுகிறது. அளவி என்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும். மைக்ரோமீட்டரும் திருகு அளவிதானே! இடுக்கிமானி என்றால் பொருளை இடுக்கிப் பிடிக்கும் தாடைகள் கண்முன் வந்துவிடும். மலாய் ‘அங்குப்’பும் இடுக்கிதான். ஆளின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

கூடவே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு. நகரும் துணைக் கோலில் 49 மி.மீ. நீளத்தை 50 பங்காக்கினால் ஒரு பங்கு 0.98 மி.மீ. நகராத முதன்மைக் கோலின் 1 மி.மீட்டருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமான 0.02 மி.மீட்டர்தான் மீச்சிற்றளவு. துணைக் கோலின் சுழி (0) முதன்மைக் கோலில் 24 தாண்டி நின்று, துணைக் கோலின் 15ஆவது கோடு முதன்மைக் கோலின் ஒரு கோட்டோடு நேராக ஒன்றினால், 24 + (15 × 0.02), அதாவது அளவு 24.30 மி.மீ.

அளப்பதற்கு முன் தாடைகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் தாடை தேய்ந்துவிட்டது. இரண்டு கோலின் சுழியும் ஒன்றாவிட்டால் அது சுழிப்பிழை. துணைக் கோலின் சுழி வலப்பக்கம் தள்ளி நின்றால் அளவிலிருந்து கழிக்க வேண்டும், இடப்பக்கம் என்றால் கூட்ட வேண்டும்.

சுற்றிக்கொண்டிருக்கும் பொருளில் தாடையை வைக்கவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கைவேர்வை பட்ட இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, தாடைகளைக் கொஞ்சம் திறந்தபடியே பெட்டியில் வையுங்கள்.

அப்புறம் சூடு. நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். 20 பாகையில் 100 மி.மீ. உள்ள எஃகுத் துண்டு 30 பாகையில் 0.01 மி.மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால், அப்போது பாஸான பார்ட் ஆறியதும் சைஸ் குறைந்து ரிஜெக்டாகலாம்.