ஃபாரின் சரக்கு கல்லீரலைக் காப்பாற்றுமா?

கல்லீரல் பாதித்து வருகிறவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால், பலர் அளவைச் சொல்வதில்லை, பிராண்டைத்தான் சொல்கிறார்கள். "ஃபாரின் விஸ்கி மட்டும்தான் டாக்டர், லோக்கல் தொடுறதே இல்ல." கூட வந்த மனைவியும் ஆமாம் என்று தலையாட்டுவார். இந்த நம்பிக்கையிலேயே வருடங்களைக் கடத்திவிட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

விஸ்கி மருந்தாகப் புழங்கியது உண்மைதான். 1494-இல் ஜான் கோர் என்ற துறவிக்கு வடிசாராயம் காய்ச்ச மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கொடுத்ததாக ஸ்காட்லாந்து அரசுக் கணக்கில் இருக்கிறது. 1505-இல் எடின்பரோவில் அதைக் காய்ச்சும் உரிமையே நாவிதர்-அறுவை மருத்துவர் சங்கத்துக்குத்தான் போனது. ஆனால் அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்றில் 1405-ஆம் வருடத்துச் செய்தி என்ன தெரியுமா? கிறிஸ்துமஸ் சமயத்தில் அளவு மீறிக் குடித்த ஒரு குலத்தலைவரின் சாவு.

ஊருக்கு ஊர் பக்குவம் மாறுவதும் நிஜம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஈரநிலத்திலிருந்து வெட்டியெடுத்த பீட் (மக்கிய தாவரங்கள் சேர்ந்த மண்) கட்டிகளை எரித்து, முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். அந்தப் புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற மணப்பொருட்கள் தானியத்தில் ஏறி, சில விஸ்கிகளில் டிஞ்சர் மாதிரி ஒரு வாடையே வரும். அயர்லாந்தில் பெரும்பாலும் மூன்று முறை வடிப்பார்கள். அமெரிக்காவின் போர்பன் வகை விஸ்கிக்குக் குறைந்தது 51% மக்காச்சோளமும், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயும் வேண்டும். இந்தியாவில் விலை குறைந்த பல விஸ்கிகள் கரும்பு மொலாசஸிலிருந்து, அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் செய்தவை. ஐரோப்பிய ஒன்றியம் அதை விஸ்கி என்றே ஏற்பதில்லை. 'ஃபாரின்' மோகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வித்தியாசமெல்லாம் மணம், ருசியோடு சரி. பார்லியோ கரும்போ, எத்தனால் என்ற ஆல்கஹால் ஒன்றேதான். 42.8% உள்ள நம்மூர் குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 61 கிராம் ஆல்கஹால். 40% ஸ்காட்ச்சில் அதே அளவுக்கு 57 கிராம். பன்னிரண்டு வருடம் பீப்பாயில் கிடந்ததற்காகக் கல்லீரல் சலுகை தராது. அதையும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிப்பது வேறு கதை. அது இல்லை என்பதால் மட்டும் கடைச்சரக்கு பத்திரமானதாகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

டாக்டரிடம் பிராண்டைச் சொல்ல வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தாலும் அது நார்மலாக வரலாம். ஸ்கேனும் தேவைப்படும்.

இன்னொன்று, தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் வைராக்கியத்தில் ஒரே நாளில் தாமாக நிறுத்தக்கூடாது. கை நடுக்கம், வியர்வை, குழப்பம், சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்புகூட வரும். மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வழி இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்பே மருத்துவமனைக்கு வாருங்கள்.