லொத்தர் நிதியிலிருந்து 20,000 பவுண் வரை: இங்கிலாந்தில் உள்ள நம் சங்கங்கள் கேட்பது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் காசுப் பேச்சு வந்தால், அது ராஃபிள் டிக்கெட், ஆண்டுவிழா மலருக்கு விளம்பரம், தெரிந்த கடைக்காரரிடம் நன்கொடை என்ற மூன்றைத் தாண்டுவது அரிது. "கிராண்ட் எல்லாம் பெரிய சரிட்டிகளுக்குத்தான்" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உண்மை அப்படியில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, முதியோர் ஒன்றுகூடல், பூப்பந்துக் குழு, பெண்கள் அமைப்பு போன்ற சிறியவற்றுக்கென்றே ஒரு நிதித்திட்டம் பல வருடங்களாக இருக்கிறது. அதன் பெயர் 'நேஷனல் லொட்டரி அவார்ட்ஸ் ஃபோர் ஓல்'. கேட்கக்கூடிய தொகை ஆகக் குறைந்தது 300 பவுண், ஆகக் கூடியது 20,000 பவுண். 2023 நவம்பர் வரை உச்சவரம்பு 10,000 ஆகவும், காலம் ஒரு வருடமாகவும் இருந்தன. இப்போது தொகையும் இரட்டிப்பு, காலமும் இரண்டு வருடம் வரை. இது கடன் அல்ல. சொன்ன வேலைக்குச் செலவழித்தால் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கானது.

பணம் எங்கிருந்து வருகிறது? பிரித்தானியாவின் நேஷனல் லொட்டரி 1994 நவம்பரில் தொடங்கியது. டிக்கெட் விற்ற பணத்தில் ஒரு பங்கு பொதுநல வேலைகளுக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அந்தப் பங்கில் 40 சதவீதத்தைப் பகிர்ந்து கொடுப்பது நேஷனல் லொட்டரி கம்யூனிட்டி ஃபண்ட் என்ற பொது அமைப்பு. 2019 வரை பிக் லொட்டரி ஃபண்ட் என்று அழைக்கப்பட்டதும் இதுதான். 'இது சூதாட்டக் காசு, எங்களுக்கு வேண்டாம்' என்று ஒதுங்கும் கோவில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் உண்டு. அது அவரவர் முடிவு. அவர்களுக்கான வேறு வழிகளைக் கடைசியில் சொல்கிறேன்.

சரிட்டி இலக்கம் தேவையா?

தேவையில்லை. பலரைத் தடுத்து நிறுத்துவது இந்த ஒரு தவறான எண்ணம்தான். பதிவுசெய்த சரிட்டி, லாப நோக்கமற்ற கம்பனி, கம்யூனிட்டி இன்டரஸ்ட் கம்பனி (சமூக நன்மைக்கென்றே நடத்தப்படும் கம்பனி) ஆகியவை கேட்கலாம். அதுபோலவே, எங்கும் பதிவு செய்யாத, ஆனால் எழுத்தில் யாப்பு, அதாவது தன் விதிகளைச் சொல்லும் ஆவணம், வைத்திருக்கிற ஒரு சிறு குழுவும் கேட்கலாம். தனிநபர் கேட்க முடியாது. பங்குதாரர்களுக்கு லாபம் பிரிக்கும் கம்பனியும், வெளிநாட்டில் இயங்கும் அமைப்பும் கேட்க முடியாது. ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்காக விண்ணப்பிக்கவும் முடியாது.

தேவைப்படுவது நான்கு: யாப்பு, செயற்குழு, வங்கிக் கணக்கு, வருடாந்தக் கணக்கறிக்கை. கேட்கச் சுலபமாக இருக்கும். நம்மவர்கள் சறுக்குவதும் இங்கேதான்.

முதலில் யாப்பு. அமைப்பின் பெயர், நோக்கம், செயற்குழுவை எப்படித் தெரிவு செய்வது, பணத்தை எப்படிக் கையாள்வது, அமைப்பைக் கலைத்தால் மீதிச் சொத்து எங்கே போகும் என்பவை அதில் இருக்கவேண்டும். கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மீதிப் பணத்தை அங்கத்தவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முடியாது, இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அமைப்புக்குத்தான் போகும் என்று ஒரு வரி வேண்டும். இருபது வருடத்துக்கு முன் தமிழில் கையால் எழுதிய யாப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை ஆங்கிலத்தில் புதுப்பித்துப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிக் கையொப்பம் வாங்குங்கள். சரிட்டிகளைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்யும் சரிட்டி கமிஷனின் இணையத்தளத்தில் சிறிய அமைப்புகளுக்கான மாதிரி யாப்பு இலவசமாகவே கிடைக்கும்.

அடுத்தது செயற்குழு. ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேராவது அதில் இருக்கவேண்டும். கணவன் மனைவி, ஒன்றாக வாழும் துணைவர்கள், இரத்த உறவினர், ஒரே முகவரியில் இருப்பவர்கள் எல்லாரும் 'உறவு' என்றே கணக்கு. தலைவர் ஐயா, பொருளாளர் அவருடைய மனைவி, செயலாளர் தம்பி என்று ஒரு குடும்பமே தோளில் சுமக்கிற பாடசாலைகள் நம்மிடையே நிறைய. அவர்களுடைய உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பெயர் கொடுக்கும் இரண்டு தொடர்பாளர்களும் உறவில்லாதவர்களாக இருக்கவேண்டும். வங்கியில் கையொப்பமிடும் இருவரும் அப்படித்தான். மச்சானையும் தவிர்ப்பது நல்லது. அந்தத் தொடர்பாளர்களின் பிறந்த திகதியும் வீட்டு முகவரியும் கேட்கப்படும். ஆள் அடையாளத்தைச் சரிபார்க்கவே கேட்கிறார்கள்.

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கவேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் 'தனியாக ஒதுக்கி' வைத்திருப்பது செல்லாது. பெயரிலும் கவனம் வேண்டும். யாப்பில் 'தமிழ்ப் பாடசாலை', வங்கி அறிக்கையில் 'தமிழ்க் கல்விக் கழகம்', விண்ணப்பத்தில் சுருக்கெழுத்து என்று மூன்று பெயர் இருந்தால், மூன்றும் ஒன்றுதான் என்று நிரூபிப்பதிலேயே வாரங்கள் போய்விடும். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் வேண்டும். அண்மைய மூன்று மாதத்துக்குள் வந்த வங்கி அறிக்கை ஒன்றையும் கையில் வைத்திருங்கள். சிறு அமைப்புகளுக்குக் கணக்குத் திறக்க வங்கிகள் படுத்தும் பாடு ஊருக்கே தெரிந்தது. ஆகவே மற்றதெல்லாம் தயாரான பிறகு கணக்குத் திறக்கலாம் என்று காத்திருக்காமல், அதிலிருந்தே தொடங்குங்கள்.

புதிதாகத் தொடங்கிய குழுவிடம் கணக்கறிக்கை இருக்காது. அதற்குப் பதிலாக அடுத்த 12 மாத வரவு செலவு மதிப்பீட்டைக் கொடுக்கலாம்.

ஊருக்கு அனுப்ப முடியுமா?

முடியாது. பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கவனிக்கவேண்டிய இடம் இது. இந்தப் பணத்தால் பயன்பெறுபவர்கள் இங்கே வாழ்பவர்களாக இருக்கவேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடம், வாசிகசாலைக்குக் கூரை என்பதெல்லாம் எவ்வளவு நல்ல வேலை என்றாலும் இதற்குள் வராது. வெளிநாட்டுப் பயணச் செலவும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில சங்கங்களின் யாப்பில் 'இன்ன கல்லூரியின் வளர்ச்சிக்கு உதவுவது' என்பது மட்டுமே நோக்கமாக எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் இங்கே இளையோருக்கு ஒரு கிரிக்கெட் பயிற்சி நடத்தக்கூட அந்த யாப்பில் இடமில்லை. முதலில் நோக்கத்தைத் திருத்தவேண்டும். திருத்திவிட்டுப் பழைய வேலையையே செய்யலாம் என்றும் நினைக்கவேண்டாம். கொடுத்த பணம் சொன்னபடி செலவானதா என்று பிறகு கேட்பார்கள்.

தமிழருக்கு மட்டும் என்று ஒரு திட்டம் கேட்கலாமா? கேட்கலாம். ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் தேவையைத் தீர்க்க, சரிட்டி தன் சேவையை அந்தச் சமூகத்துக்கு என்று வரையறுக்க 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு நியாயமான காரணம் இருக்கவேண்டும். ஆங்கிலம் சரளமில்லாத எழுபது வயது அம்மா ஒருவர் பக்கத்திலுள்ள பொது முதியோர் நிலையத்துக்குப் போனால் யாருடனும் பேசாமல் திரும்பி வருவார் என்பது காரணம். 'நாங்கள் தமிழர், ஆகவே தமிழருக்கு' என்பது காரணமல்ல. குறிப்பிட்ட ஊரைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினால் வாய்ப்பு இன்னும் குறையும். என் கருத்தில், மற்றவர்களும் வரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைப்பது விண்ணப்பத்துக்கும் நல்லது, நிகழ்ச்சிக்கும் நல்லது.

கோவில்கள் கேட்கலாமா என்பதற்கும் இதே மாதிரிப் பதில். மத அமைப்பு விண்ணப்பிக்கலாம். ஆனால் மத வேலைக்குப் பணம் இல்லை. கோவில் மண்டபத்தில் நடக்கும் யோகா வகுப்பு, எல்லாருக்குமான மதிய உணவு, வீட்டுப்பாட உதவி போன்றவற்றுக்குக் கேட்கலாம். தேர்த்திருவிழாவுக்கும், சமய வகுப்புக்கும், கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் கேட்க முடியாது.

எதற்குக் கொடுப்பார்கள்?

கம்யூனிட்டி ஃபண்ட் 2030 வரைக்குமான தன் திட்டத்தில் நான்கு நோக்கங்களை வைத்திருக்கிறது: மக்களை ஒன்றுசேர்ப்பது, சுற்றுச்சூழலைப் பேணுவது, பிள்ளைகளும் இளையோரும் சிறந்து வளர உதவுவது, உடல்நலமும் மனநலமும் பெருகச் செய்வது. உங்கள் வேலை இதில் ஒன்றுக்காவது பொருந்தவேண்டும். நான்கையும் ஒன்றாகப் பிடிக்கப் போகவேண்டாம். ஒன்றைத் தெளிவாகச் சொன்னால் போதும்.

உபகரணம், மண்டப வாடகை, பயிற்றுநர் கட்டணம், பகுதிநேர ஊழியர் சம்பளம், தொண்டர்களின் போக்குவரத்துச் செலவு, பயிற்சி, சிறு திருத்த வேலைகள், ஒருநாள் நிகழ்ச்சி என்று பலதுக்கும் கேட்கலாம். கிடைக்காதவை: மதுபானம், கடன் கட்டுவது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைக்கும் உபரித் தொகை, வேறு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கான செலவு, அரசு கட்டாயம் செய்யவேண்டிய வேலை, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவருக்கான கட்டணம். ஏற்கெனவே செலவழித்ததற்கும் தரமாட்டார்கள். முடிவு வரமுன்பே ஹார்மோனியத்தை வாங்கிவிட்டு பற்றுச்சீட்டைக் காட்டினால் பலனில்லை.

செலவுப் பட்டியல் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. வாரம் ஒருமுறை, வருடத்தில் 40 வாரம் கூடும் முதியோர் குழு என்று வைத்துக்கொள்வோம். மண்டபம் மணிக்கு 25 பவுண் வீதம் இரண்டு மணி நேரம், 40 வாரத்துக்கு 2,000. கதிரையில் இருந்தபடி செய்யும் யோகாவுக்குப் பயிற்றுநர், தடவைக்கு 45 வீதம் 1,800. தேநீரும் சிற்றுண்டியும் வாரம் 20 வீதம் 800. இரண்டு தொண்டர்களின் பஸ் கட்டணம் வாரம் 10 வீதம் 400. கோடையில் ஒருநாள் கடற்கரைப் பயணத்துக்குப் பஸ் வாடகை 650. மொத்தம் 5,650 பவுண். இதில் ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்தது என்று படிப்பவருக்குத் தெரியும். 'நிகழ்ச்சிச் செலவு 5,000' என்று ஒரே வரியில் போட்டால் என்ன தெரியும்? உச்சவரம்பு 20,000 என்பதற்காக 20,000 கேட்கவேண்டும் என்றும் இல்லை. வருடத்துக்கு 1,500 பவுண் கூடப் புழங்காத குழு திடீரென்று 20,000 கேட்டால், இவ்வளவு பணத்தை இவர்களால் கையாள முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. முதல்முறை அளவாகக் கேட்டு, ஒழுங்காகச் செலவழித்துக் காட்டிவிட்டுப் பிறகு கூட்டிக் கேட்பதே புத்தி.

படிவத்தில் தடுமாற வைக்கிற கேள்வி ஒன்று உண்டு: இந்தத் திட்டத்தை உருவாக்குவதில் உங்கள் சமூகத்தினருக்கு என்ன பங்கு? செயற்குழுவில் ஏழு பேர் கூடி முடிவெடுத்தோம் என்பது இதற்குப் பதிலாகாது. வருகிற முதியவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? எத்தனை பேர் என்ன சொன்னார்கள்? அதனால் எதை மாற்றினீர்கள்? 'நாங்கள் கணினி வகுப்பு என்று நினைத்தோம். வந்தவர்கள் ஜிபி வரவேற்பில் ஆங்கிலத்தில் பேசப் பழக்கினால் போதும் என்றார்கள்' என்பது போன்ற ஒரு பதில், பண்பாடு பற்றிய மூன்று பந்திகளை விட மதிப்புள்ளது. காசு வாங்கி விண்ணப்பம் எழுதித் தருபவர்களிடம் இது கிடைக்காது. ஆங்கிலம் அழகாக இருக்கவேண்டியதில்லை. பல்கலைக்கழகம் போகிற பிள்ளை ஒருவரை எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னால் போதும்.

பிள்ளைகளோடு வேலை செய்வதாக இருந்தால் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கவேண்டும், பொறுப்பாளர்களுக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனையும் வேண்டும். தகுதியுள்ள தொண்டர்களுக்கு அந்தச் சோதனைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. இடையில் நிற்கும் நிறுவனம் ஒரு சிறு தொகை கேட்கலாம்.

விண்ணப்பித்து முடிவு வர மாதக்கணக்கு ஆகும். தைப்பொங்கல் நிகழ்ச்சிக்கு மார்கழியில் விண்ணப்பிப்பதில் பயனில்லை. கோடை விடுமுறையிலேயே படிவத்தை அனுப்பிவிடவேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், எழுதத் தொடங்கும் அன்று ஃபண்டின் இணையத்தளத்தில் உள்ள வழிகாட்டியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பணம் கிடைத்த பிறகு வரும் கேள்வி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பொதுநல நோக்கமுள்ள அமைப்பின் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் பொதுவாக சரிட்டி கமிஷனில் பதிவு செய்தாகவேண்டும். கிராண்ட் பணமும் வருமானம்தான். வருடம் 2,000 பவுணோடு ஓடிய பாடசாலைக்கு 8,000 பவுண் கிடைத்தால், அது அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இது பயப்படவேண்டிய விஷயமல்ல. ஆனால் முதலே தெரிந்திருக்கவேண்டும். பதிவு செய்யப் போகும்போது, 2013 முதல் நடைமுறையில் இருக்கும் சிஐஓ (தனக்கென்று சட்ட ஆளுமை உள்ள சரிட்டி) என்ற அமைப்பு வடிவத்தையும் யோசியுங்கள். அப்படிச் சட்ட ஆளுமை இல்லாத சங்கமாக இருக்கும்வரை மண்டப ஒப்பந்தம் முதல் எல்லாப் பொறுப்பும் செயற்குழுவினரின் சொந்தத் தலையில் விழலாம். சிஐஓ தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யும்.

லொத்தர் காசு வேண்டாம் என்பவர்களுக்கும், சிறு தொகை போதும் என்பவர்களுக்கும் வேறு இடங்கள் உண்டு. பல கவுன்சில்களில் வட்டார உறுப்பினர்கள் மூலம் கிடைக்கும் சிறு நிதி இருக்கும். புதிய கட்டடங்களிடமிருந்து கவுன்சில் வாங்கும் வரியில் குறைந்தது 15 சதவீதம் அந்தந்த அயலுக்குச் செலவிடப்படவேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த வரி நடைமுறையில் உள்ள கவுன்சில்கள் சில அதிலிருந்து சமூகக் குழுக்களுக்குக் கொடுக்கின்றன. கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்ற உள்ளூர் அறநிதியங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றின் விதியும் வேறு, ஆனால் யாப்பு, உறவில்லாத இருவர், வங்கிக் கணக்கு என்ற மூன்றையும் ஏறக்குறைய எல்லாரும் கேட்பார்கள்.

அந்த மூன்றையும் சரிபார்க்க உங்கள் பகுதித் தொண்டர் சேவை மன்றத்தை நாடலாம். சிவிஎஸ் என்று சொல்வார்கள். யாப்பைப் படித்துத் திருத்தம் சொல்வதும், விண்ணப்ப நகலைப் பார்த்துத் தருவதும் இவர்களுடைய வேலைதான். சிறு அமைப்புகளுக்கு இதைப் பெரும்பாலும் இலவசமாகவே செய்கிறார்கள்.